மைனஸ் நூற்றுப் பதினெட்டு

சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளைக் 'காது அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாக அவள் பார்த்துவந்த வேலை அப்படி. நகம் அளவு படிகத்துக்குள் காதுக்கு எட்டாத ஒலியைத் தட்டிவிட்டு, அது மறுமுகத்தில் மோதித் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று திரையில் அளப்பாள். சீக்கிரம் திரும்பினால் படிகம் கெட்டி. பிந்தினால் உள்ளே இளகுகிறது என்று அர்த்தம். "மாப்பிள்ளையத்தான் தட்டிப் பாக்காம கட்டிக்கிட்டேன், கல்லையாவது தட்டிப் பாக்குறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சிரிக்கவில்லை. வந்திருந்த, பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் படிகங்கள் புதுச் சரக்கு. மின்சாரம் கொடுத்தால் துளி நீளும் இந்தப் படிகங்கள்தான், குளிர் திரவ வாயு ஓடும் குழாய்களில் வால்வைத் திறந்து மூடும். குளிரக் குளிர எதிரொலி முந்தி வரவேண்டும். மைனஸ் தொண்ணூறு டிகிரி வரை வந்தது. அப்புறம் பிந்த ஆரம்பித்தது. திரையில் கோடு மெலிந்துகொண்டே போய், மைனஸ் நூற்றுப் பதினெட்டில் ஒன்றுமே இல்லை.

சூடாக்கிப் பார்த்தாள், இன்னும் இரண்டு படிகங்களையும் குளிரவைத்துப் பார்த்தாள்; எல்லாவற்றிலும் அதே கதை. உள்ளே அணுக்கள் இடம் மாறி வேறு அமைப்புக்குப் போகின்றன. போவதற்கு முன்பே படிகம் தன் விறைப்பை இழந்துவிடுகிறது. வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. பழைய சரக்கு இந்தக் குளிருக்கெல்லாம் அசைந்துகொடுத்ததே இல்லை.

"ஒலி தட்டுற கருவியைக் கல்லோட ஒட்டின பசை விட்டிருக்கும்மா" என்றார் மேலாளர்.

"பசை விட்டா விட்டதுதான் சார். இது சூடாக்கினா எதிரொலி திரும்ப வருது. மூணு கல்லுலயும் அதே எடம்."

"கிடங்குல வால்வை மாட்டியாச்சு. நாளைக்குக் காலைல சோதனை ஓட்டம். சான்றுல கையெழுத்தைப் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவள் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

அந்த வால்வு இருந்த வாயுக் கிடங்கில்தான் அவள் தம்பிக்கு வேலை. உடனே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, படிகத்தைப் பற்றிச் சொல்லி லீவு போடச் சொன்னாள்.

"கல்லுக்குக் காய்ச்சல்னு லீவு கேக்கச் சொல்றியாக்கா?"

"விளையாடாதடா. மூடுற பொத்தானை அமுக்கினதும் சுவத்துக்குப் பின்னால போயிடு. எனக்காக."

மறுநாள் பத்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஒன்றுமில்லை என்று காட்டவோ என்னவோ, மேலாளரே கிடங்குக்கு வந்து வால்வுக்கு அருகில் போய் நின்றார். வால்வு ஒழுங்காகத் திறந்தது. மூடும்போது பாதியில் நின்றுவிட்டது. இளகிய படிகத்துக்கு அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளத் தெம்பில்லை. நிற்காமல் வழிந்த திரவ வாயு வெள்ளைப் புகையாகத் தரையோடு தரையாகப் பரவியது. சுவருக்குப் பின்னால் இருந்ததால் தம்பியின் கைக்குப் பிரதான குழாயின் சக்கரம் எட்டியது. அதைச் சுற்றி அடைத்துவிட்டு, மேலாளரை வெளியே இழுத்துப்போட்டான். அவருடைய வலது கை மணிக்கட்டு வரை வெளுத்து விறைத்திருந்தது. பின்னால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று மதியம் அவள் மேசைக்கு ஒரு பட்டியல் வந்தது. அதே சரக்குப் படிகம் ஏற்கெனவே வேறு பதினேழு கிடங்குகளுக்குப் போயிருந்தது. யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்தாள். பதினாறு பேர் நிறுத்தினார்கள்; சிலர் திட்டிக்கொண்டே நிறுத்தினார்கள்.

பதினேழாவது கிடங்கில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. நான்கு முறை முயன்றாள். பிறகு அந்தக் கிடங்குக்கே போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.