மண்ணுக்குக் கழிவு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒன்பதாம் வகுப்பில் அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் நான் கணக்கில் தேறியிருக்கவே மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஊர்ப் பிள்ளைகள் 'ஏ', காலனிப் பிள்ளைகளான நாங்கள் 'பி'. அப்படியொரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. சேர்க்கும்போது எந்தத் தெரு என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கு ஒரே கணக்கு டீச்சர். அவர் 'ஏ' பிரிவுக்குப் போவார். எங்கள் கணக்கு வகுப்பில் நாங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவோம். பரீட்சை மட்டும் இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. அவர்கள் எழுபது, எண்பது வாங்குவார்கள். எங்களில் பதினைந்து வாங்கியவள் பெரிய கெட்டிக்காரி. "பி பிரிவுக்குக் கணக்கு ஏறாது" என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வது ஜன்னல் வழியே காதில் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அந்த ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையின் ஓடுகள் சரிந்து விழுந்தன. மறுநாள் அதைப் பார்த்து, லீவு விடுவார்கள் என்று நாங்கள் குதித்த குதியில் தலைமையாசிரியை, எங்கள் பெரிய டீச்சர், பிரம்பெடுத்தார். ஓடு மாற்றும்வரை என்று சொல்லி எங்களை 'ஏ' அறையில் திணித்தார்கள்.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு, முதல்முறையாகக் கணக்குப் பாடம் கேட்டோம். பின்னம் புரிந்த அன்று சந்தோஷம் தாங்காமல் வீடுவரை ஓடினேன். ஆனால் பக்கத்தில் கூரை வேலை முடிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு ஓடாக அடுக்குவதைப் பார்க்கவே பேஜாராக இருக்கும். திரும்பிப் போனால் மறுபடியும் தண்ணீர் வாளி. பத்தாவதில் கணக்கில் பெயில். அதோடு படிப்புக்கு முழுக்கு.

அப்போதுதான் கணக்கு டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார். "இதுல நல்லா எழுதுங்க. இங்கியே இருக்கட்டும்னு பெரிய டீச்சர்கிட்ட நானே பேசறேன்" என்றார்.

அதில் ஒரு கேள்வி: அறுபது படி நிலக்கடலை (எங்கள் பேச்சில் மல்லாட்டை) பறித்தால் ஆறில் ஒரு பங்கு கூலி, கூலி எத்தனை படி? 'ஏ' பிரிவு முழுக்கப் பத்து என்று எழுதியிருந்தது. நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒன்பது.

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "ஒருத்தி தப்பா எழுத, மத்தவங்க காப்பியடிச்சிருக்கீங்க. உங்களுக்காக நான் எப்படிம்மா பேசறது?"

என் வாய் சும்மா இருக்குமா? எழுந்தேன். "காப்பி இல்லீங்க டீச்சர். அறுபது படின்னா ஒட்டியிருக்கிற மண்ணுக்கு ஆறு படி கழிப்பாங்க. மிச்சம் அம்பத்திநாலு. அதுல ஆறுல ஒரு பங்கு ஒம்பது. லீவுல மல்லாட்டை பறிச்சிக்கினு இருந்தோமே, அங்க அப்பிடித்தான் அளந்தாங்க."

"யாரு அளந்தாங்க?"

நாங்கள் எல்லோரும் முன்பெஞ்சைப் பார்த்தோம். எப்போதும் முதல் மார்க் வாங்கும் 'ஏ' பிரிவுப் பெண் மெதுவாக எழுந்தாள். நாங்கள் பறித்தது அவர்கள் நிலத்தில்தான். "எங்கப்பாதாங்க டீச்சர். பத்துப் படிக்கு ஒரு படி கழிவு. அவ சொல்றது சரிதான்."

"அப்ப நீ ஏன் பத்துன்னு எழுதின?"

"புஸ்தகத்துக் கடலையில மண்ணு இல்லீங்களே டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் கரும்பலகையில் கழித்தார், வகுத்தார், சாக்பீஸைக் கீழே வைத்தார். "நான் கேட்டது ஒரு கணக்கு. நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க" என்றார்.

"அப்ப ரெண்டு மார்க் சேத்துப் போடுங்க டீச்சர்" என்றேன்.

"உக்காருடி" என்றார், அவரும் சிரித்துக்கொண்டே. அன்று மாலையே பெரிய டீச்சர் அறைக்குப் போனார்.

மறுவாரம் கூரை வேலை முடிந்தது. எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. புது ஓடு போட்ட அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போடச் சொன்னார்கள். ஒரு பெஞ்சின் முனையை முதல் மார்க்குக்காரி பிடித்தாள், மறுமுனையை நான்.

"அடுத்த லீவுல மண்ணை உதறிட்டுத்தான் அளக்கப் போடுவோம். உங்கப்பா கழிக்கக் கூடாது" என்றேன்.

"நீயே வந்து சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்கே" என்றாள்.

அந்த அறைக் கதவைப் பூட்டியது நான்தான். பூட்டு சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.