வெர்னா காபி ஊற்ற மறுத்த ஆள்

கேரோ லேக் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக் கான்டீனில் வெர்னா லைசக் இருபது குளிர்காலம் காபி ஊற்றினாள். தோற்றுப்போன அணியின் பயிற்சியாளர், கண்ணிருந்தும் பார்க்காத நடுவர், கடன் சொல்லிவிட்டுப் போகிற தபால்காரர் என்று யாருக்கும் அவள் இல்லையென்று சொன்னதில்லை. ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னாள். அதற்காக ஊரில் பாதிப் பேர் அவளைப் பைத்தியம் என்றார்கள். மீதிப் பாதி வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த இரண்டாவது பாதி மேல்தான் கோபம் அதிகம்.

கோதுமை வயலில் பிறந்து, கோதுமை வயலையே பார்த்து வளர்ந்தவள் வெர்னா. ஸ்கேட்டிங் அவளுக்குக் கடைசி வரை வரவில்லை. கணவன் ஓரெஸ்ட் அதே அரங்கத்தில் பனித்தரையை வழுவழுப்பாக்கும் வண்டியை ஓட்டினான். பேச்சு குறைவு, கொட்டாவி அதிகம். பெண்கள் இருவரும் கல்யாணமாகி ரெஜைனா நகரத்துக்குப் போனதும் வீட்டில் இரண்டு அறை காலியானது. எங்கள் ஊர் இளையோர் அணிக்குப் பண்ணைகளிலிருந்தும் சுரங்க ஊர்களிலிருந்தும் பையன்கள் வருவார்கள். ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒருவனாகப் பிரித்துக்கொண்டு சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, விளையாட விடுவோம். வெர்னா வீட்டுக்கு வந்த பையன்கள் ஒருவனும் இளைத்துத் திரும்பியதில்லை. ஈரக் காலுறையை ஹீட்டர் மேல் போட்டால் மட்டும் அன்றைக்கு அவனுக்கு இனிப்பு கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் செப்டம்பரில் டெல்வின் ராட்ஸ்லாஃப் வந்தான். பதினேழு வயது. காதைத் தவிர உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பனியில் இறங்கிவிட்டால், மற்றவர்கள் முட்டி மோதிப் போகிற இடத்தில் இவன் சந்து கண்டுபிடித்துப் போய்விடுவான். பந்தயத்துக்குப் பந்தயம் கோல் அடித்தான். கோல் அடித்துவிட்டு, கோல் வாங்கிய கோல்காரனைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அவனைக் கொண்டுவந்து விட்ட அம்மா ஹெலனா இரண்டு பெட்டி ஊறுகாய் பாட்டிலை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவர்கள் மெனனைட் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். பட்டாளத்துக்கும் போக மாட்டார்கள், பக்கத்து வயல்காரனோடும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

"எங்க ஆளுங்க யார் மேலயும் கை ஓங்க மாட்டோம்" என்றாள் ஹெலனா. "ஹாக்கின்னா சண்டைன்னு சொல்றாங்க. சண்டைக்குப் போக மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கான். நீங்க அதை ஒண்ண மட்டும் பாத்துக்குங்க."

"என் வீட்ல தட்டுல மிஞ்சற கடைசி பெரோகிக் கொழுக்கட்டைக்குத்தாங்க சண்டை வரும்" என்றாள் வெர்னா. "அதுல உங்க பையன் ஜெயிக்க மாட்டான். எங்க வீட்டுக்காரர் கை அவ்வளவு வேகம்."

ஹெலனா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வெர்னா பொறுப்பேற்றுக்கொண்டாள்.

ஜனவரியில் ஆள் தேடுகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் பெரிய கிளப்புகள் வரிசையாக உட்கார்ந்து, சுற்றுச் சுற்றாகப் பையன்களின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். அந்த ட்ராஃப்டுக்கு முன்னோட்டம் பார்க்கத்தான் இவர்கள் ஊர் ஊராக வருவது. நீளமான கோட்டு, பனித்தரையின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நிற்பு. பக்கத்தில் நிற்கிறவனிடம்கூட எந்தப் பையன் பிடித்தது என்று சொல்ல மாட்டார்கள். மாட்டுச் சந்தையில் கன்றைப் பார்ப்பதுபோல் தொடையைப் பார்ப்பார்கள், தோளைப் பார்ப்பார்கள். பையன் இன்னும் எவ்வளவு உயருவான் என்று கணிக்க, மேலே உட்கார்ந்திருக்கும் அப்பன் எழுந்து நிற்கும்வரை காத்திருப்பார்கள். இதையெல்லாம் நாங்கள் பெருமையாகத்தான் நினைத்தோம்.

அவர்களில் டிஸ்டல் என்பவர் பெரிய கிளப் ஒன்றின் ஆள். நல்ல சிரிப்பு, நல்ல குரல். ஒரு புதன்கிழமை இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்கு வெர்னா காபி கொண்டுபோனபோது, அவர் பயிற்சியாளர் ஹேவர்லியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பையன் ஓடுறான், பாஸ் குடுக்கறான், எல்லாம் சரி. அடி வாங்கினா நிப்பானான்னு தெரியணுமே! இந்த வருஷம் ஒருதடவைகூட சண்டைக்குன்னு கையுறையைக் கழட்டலை. எங்க மேலிடத்துல அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"சனிக்கிழமை வரைக்கும் இருங்க" என்றார் ஹேவர்லி. "ஸ்டோன் ரிட்ஜ்காரங்க வராங்க. அவங்க ஆள் கூபிக் இறங்கறப்ப ராட்ஸ்லாஃபையும் இறக்கறேன். அங்கேயும் சொல்லி வெச்சிடறேன். உங்களுக்கே தெரிஞ்சிடும்."

வெர்னா தட்டை மேசையில் வைத்தாள்.

"கூபிக்கா? அவனுக்கு இருபது வயசு. நம்ம கான்டீன் கதவுல பக்கவாட்டுலதான் நுழைவான். அவன்கிட்டயா குழந்தையத் தள்ளி விடறீங்க?"

"வெர்னா, நீங்க அவன் வயித்தைப் பாத்துக்குங்க. ஹாக்கியை நான் பாத்துக்கறேன்."

டிஸ்டல் சிரித்தார். "இது ஒண்ணும் சர்ச் இல்லீங்களே!"

வெர்னா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி, இருந்த காபியை வாளியில் கொட்டினாள்.

"சர்ச்சா இருந்தா மன்னிச்சு ஊத்தியிருப்பேன். நல்லவேளை, இது கான்டீன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இருவரும் நினைத்தார்கள். மறுநாளும் டிஸ்டலுக்கு ஊற்றவில்லை. அதற்கடுத்த நாள் டிஸ்டல் பெட்ரோல் பங்கிலிருந்து காபி வாங்கி வந்தார்.

வீட்டில் ஓரெஸ்ட், "ஏம்மா, இதுல போய்த் தலையைக் குடுக்காத. எப்பவும் நடக்கறதுதான்" என்றான்.

"உன் கொட்டாவிகூடத்தான் எப்பவும் நடக்குது. அதை யாராவது நல்லதுன்னு சொன்னாங்களா?"

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் டெல்வின் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஹேவர்லி உங்கிட்ட சொல்லிட்டாரா?" என்று கேட்டாள் வெர்னா.

"சொன்னாரு. ஒரே தடவைதானாம். அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"உங்கம்மாவுக்கு ஃபோன் போடவா?"

"வேண்டாம் வெர்னா, ப்ளீஸ். நாலு வயசுலேந்து இதுக்குத்தான் ஓடறேன். மூலையில நிக்கறவர் தலையை ஆட்டலைன்னா நான் திரும்பிப் போய் பால் கறக்க வேண்டியதுதான். நான் முடியாதுன்னா, சரின்னு சொல்ல பெஞ்சுல ஆறு பேர் இருக்காங்க."

"அவன் உன் மூக்கைப் பேத்துடுவான்டா."

"தெரியும்" என்றான் பையன்.

அவன் படுக்கப் போன பிறகு வெர்னா ஃபோனை எடுத்தாள், வைத்தாள். அம்மாவிடம் சொன்னால் அவன் கனவு போகும். சொல்லாவிட்டால் வாக்கு போகும். இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் யார்? ஒரு பையனைக் கூப்பிட்டு, உன் ஆசை ஒரு தட்டில், உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு தட்டில், நீயே நிறுத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வளர்ந்த ஆண்கள் கண்ணாடிக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டார்கள். வெட்கம் என்கிற சொல் அவர்கள் ஊரில் கிடையாது போலிருக்கிறது. எங்கள் ஊரிலும்தான்.

சனிக்கிழமை வெளியே, எஞ்சின் உறையாமலிருக்கக் காரை மின்கம்பியில் செருகி வைத்தால்தான் கிளம்பும் என்கிற குளிர். ஆனாலும் அரங்கம் நிரம்பியது. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. இரண்டாவது பகுதியில் கூபிக் இறங்கினான், ஹேவர்லி டெல்வினின் முதுகைத் தட்டி அனுப்பினார். கூபிக் மட்டையால் அவன் கணுக்காலில் ஒரு இடி இடித்துவிட்டு கையுறைகளைக் கழற்றி எறிந்தான். டெல்வின் ஒருகணம் மூலையைப் பார்த்தான். பிறகு அவனும் கழற்றினான்.

கையுறை கழன்றுவிட்டால் ஒருவன் விழும்வரை நடுவர்கள் தள்ளி நிற்பார்கள், அது எங்கள் ஆட்டத்தின் வழக்கம். அன்றைக்கு நின்றது கொஞ்சம் அதிகம். டெல்வினுக்கு எப்படிக் குத்துவதென்றே தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருமுறை கையை வீசினான், அது கூபிக்கின் தலைக்கவசத்தில் பட்டு விரல் முட்டி உடைந்தது. மற்றதெல்லாம் வாங்கியதுதான். விழுந்தான், எழுந்தான். மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். ஊரே எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன், என்ன மறைப்பது. டிஸ்டல் அந்தக் குளிர்காலத்திலேயே முதல்முறையாகக் கை தட்டினார்.

ஓரெஸ்ட் மண்வாரியோடு போய் ரத்தம் பட்ட பனியைச் சுரண்டினான். அவனுக்குக் கொட்டாவி வரவில்லை. கான்டீன் அடுப்பில் சாசேஜ் கருகிப் புகைந்தது. வெர்னா அங்கே இல்லை. உடை மாற்றும் அறைக்குள் பெண்கள் போகக்கூடாதென்று வாசலில் நின்றவனைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

டெல்வினுக்கு ஒரு பல் போயிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. வீட்டுக்கு வந்து பீட்ரூட் சூப்பை உறிஞ்சு குழலில்தான் குடித்தான். குடித்துக்கொண்டே, "டிஸ்டல் வந்து கை குடுத்தாரு" என்றான், சந்தோஷமாக. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோன் செய்தபோது, தொண்டைக்கட்டு என்று சொன்னான். வெர்னா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று அவன் காதைப் பார்த்தே தெரிந்தது. அப்படிச் சிவந்திருந்தது.

ஜூனில் மூன்றாவது சுற்றில் டிஸ்டலின் கிளப் அவன் பெயரைக் கூப்பிட்டது. ஊரில் கார் ஹாரன் ஓய அரைநாள் ஆனது. இரண்டு நாள் கழித்து டிஸ்டல் தன் கிளப்பின் தொப்பியோடு வெர்னா வீட்டுக்கே வந்தார். டெல்வின் தொப்பியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, பல் போன இடம் தெரியச் சிரித்தான்.

டிஸ்டல் சமையலறை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வெர்னாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "இன்னும் கோவமா? எங்காளுங்க இவனை ஏழாவது சுத்துக்குக்கூட யோசிக்கலீங்க. அந்தச் சனிக்கிழமைதான் மூணாவதுக்குத் தூக்குச்சு. அத்தனை அடி வாங்கியும் எந்திரிச்சான் பாருங்க, அதைச் சொல்லித்தான் வித்தேன். நான் அவனுக்கு நல்லதுதான் பண்ணினேன்."

வெர்னா சுவரிலிருந்த ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்றினாள்.

"ஹெலனா? வெர்னா பேசறேன். ஆமா, இங்கதான் இருக்கான், நல்லா இருக்கான். அவனை எடுத்தவர் வந்திருக்காரு. அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, எதைப் பாத்து நம்ம பையனை எடுத்தாங்கன்னு? எனக்குச் சொல்லத் தெரியலை. அவரே சொல்வாரு."

ரிசீவரை டிஸ்டலிடம் நீட்டினாள். "எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்."

டிஸ்டல் வாங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து ஹெலனாவின் குரல் மெலிதாகக் கேட்டது. அவர் எழுந்து நின்றார், தொண்டையைக் கனைத்தார், டெல்வினைப் பார்த்தார்.

"அம்மா... வணக்கம். உங்க பையன் ஸ்கேட்டிங்தாங்க. நாங்க அதைத்தான் பாத்தோம். அவ்வளவு கூட்டத்துக்குள்ள போவான், ஒருத்தரையும் இடிக்காம வெளிய வருவான். இந்தப் பக்கத்துல அப்படி ஒரு பையனை நான் பாத்ததில்ல. வேற ஒண்ணும்... வேற ஒண்ணும் இல்லீங்க. அதுக்காகத்தான்."

டெல்வின் சிரித்த வாயை மூடிக்கொண்டான். தலையிலிருந்த தொப்பியை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தான்.

வெர்னா ரிசீவரை வாங்கி, ஹெலனாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மாட்டினாள். பிறகு டிஸ்டல் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, ஒரு அம்மாகிட்ட சொல்ல முடியாத வேலைன்னு ஜனவரியிலயே உனக்குத் தெரியும்."