லோகேஸ்வரிக்கு என்ன முறை

பொன்னம்மாளுக்குப் பிறந்த ஊர் ரெட்டிபாளையம். வாக்கப்பட்டு வந்தது பெரம்பலூருக்கு. துறையூர் ரோட்டில் ரெண்டு ரூம் வீடு. முன் ரூமில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். புருஷன் செல்லமுத்துவுக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை. அங்கேயே நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். ஒரே மகன் செந்தில்குமார், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் இருந்தான். வயது இருபத்துநாலு.

2003 ஆடி மாதம் ஒரு ஞாயிறன்று செல்லமுத்து, மலேசியாவிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள் என்றான். டவுனுக்கு வெளியே ஒரு காலேஜில் படிக்க வருகிறாளாம். லேடீஸ் ஹாஸ்டல் இன்னும் கட்டி முடியவில்லை, அதுவரைக்கும் நம் வீட்டில்தான் இருப்பாள்.

"யாரு அது?"

"பூலாம்பாடியிலேர்ந்து அந்தக் காலத்துல கப்பலேறிப் போனவங்களோட பேத்தி. சொந்தந்தான்."

"என்ன சொந்தம்?"

"தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டு அவன் ஆலத்தியூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

மறுநாளே லோகேஸ்வரி வந்து இறங்கினாள். பத்தொன்பது வயது, ஒல்லி, பெரிய சிவப்புப் பெட்டி. சொந்த ஊர் தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் என்றாள். தமிழ்தான் பேசினாள், ஆனால் பொன்னம்மாளுக்குப் பாதி புரியவில்லை. காலையில் எழுந்ததும் "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நம்மைப் பட்டினி கிடக்கிறவள் என்று நினைத்துவிட்டாளோ என்று பொன்னம்மாளுக்குச் சுருக்கென்றது. காலை டிபன் ஆச்சா என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் செந்தில் கடையிலிருந்து வந்து உட்கார்ந்ததும், "அண்ணனுக்குத் தண்ணி கலக்கட்டுமா?" என்றாள்.

"இந்த வூட்ல யாருக்கும் அந்தப் பழக்கமில்லம்மா" என்றாள் பொன்னம்மாள்.

அந்தப் பெண் விழித்தாள். அவள் சொன்னது டீ போடுவதை. அதைப் புரிந்துகொள்வதற்குள் ரெண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது.

இதெல்லாம் சமாளித்துவிடலாம் என்றுதான் பொன்னம்மாள் நினைத்தாள். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் ஜாக்கெட் வாங்க வந்தபோதுதான் வினை வந்தது.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன முறை?"

"செந்தில் அப்பா வழியில சொந்தம்."

"அது சரி. செந்திலுக்குத் தங்கச்சி முறையா, கட்டிக்கிற முறையா? வூட்ல வயசுப் பையன் இருக்கான். தெரியாம எப்படிக்கா ஒண்ணா வச்சிக்கிறது?"

அன்று வெட்டிய ஜாக்கெட் துணியில் கை அளவே தப்பாகிப்போனது. ரெங்கம்மாள் கேட்டதில் தப்பில்லை. தங்கச்சி என்றால் கவலையில்லை. கட்டிக்கிற முறை என்றால் ஒரே வீட்டில் வைத்திருப்பது சரியில்லை. எதுவுமே இல்லை என்றால் அது இன்னும் மோசம்.

லோகேஸ்வரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"உன் தாத்தாவோட அப்பா பேரு என்னம்மா?"

"சாமிக்கண்ணு."

பூலாம்பாடியில் தெருவுக்கு ரெண்டு சாமிக்கண்ணு.

"குலதெய்வம்?"

"வீட்டு வாசல்ல முனீஸ்வரர் இருக்காரு. எல்லாரும் கும்பிடுவோம். பக்கத்து வீட்டுச் சீனரும் சுருட்டு வச்சிக் கும்பிடுவாரு."

பொன்னம்மாள் கேள்வியை நிறுத்திவிட்டு எழுந்தாள். பூத்துக்குப் போய் ஆலைக்கு போன் போட்டு, யாரையோ விட்டுச் செல்லமுத்துவை லைனுக்கு வரவழைத்தாள். அவன் மிஷின் சத்தத்துக்கு நடுவே, "மாமன் வழின்னு பூலாம்பாடி வைத்திலிங்கம் சொன்ன மாதிரி ஞாபகம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் லோகேஸ்வரியிடம், "இனிமே செந்திலை அண்ணன்னு கூப்பிட வேணாம்" என்றாள்.

"ஏன் ஆன்ட்டி? அவருக்குக் கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. அவன் அண்ணன் இல்ல."

"பிறகு எப்படிக் கூப்பிடறது?"

மாமா என்று சொல்லப் பொன்னம்மாளுக்கு நாக்கு எழவில்லை. சாயங்காலம் அந்தப் பெண் அவனை "செந்தில் சார்" என்றாள். அவனுக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியம். சட்டையும் இஸ்திரி போட்டது. பொன்னம்மாள் சோற்றை டிபன் கேரியரில் கட்டிக் கையில் கொடுத்துக் கடைக்கே திருப்பி அனுப்பினாள். அதைப் பார்த்த லோகேஸ்வரி பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். உள்ளே போனவள், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை பொன்னம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு பூலாம்பாடிக்கு பஸ் ஏறினாள்.

வைத்திலிங்கம் அங்கே ரைஸ்மில் வைத்திருந்தான். செல்லமுத்துவின் நம்பரை மலேசியாவுக்குக் கொடுத்தவன் அவன்தான். "மாமன் வழின்னு நான் எங்க சொன்னேன்? சாமிக்கண்ணு நம்ம பங்காளியாச்சே. இது உனக்கு மக முறை" என்றான். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். அடுத்த தெருவில் ஒரு அம்மா அவள் முகவாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எங்க அண்ணன் வகையறா முகம், செல்லமுத்துவுக்கு மாமன் மகன் வழி, உனக்கு மருமக முறைதான் என்று அடித்துச் சொன்னாள். அங்கேயும் கலர். மூன்றாவது வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணி, தலைமுறைக் கணக்குப் போட்டு, "அப்படிப் பார்த்தா இது செல்லமுத்துவுக்குத் தங்கச்சி. உனக்கு நாத்தனார், உன் பையனுக்கு அத்தை" என்றார். வாசல் வரை வந்தவர், கப்பலேறின சாமிக்கண்ணு இந்த ஊரே இல்லை, அரும்பாவூர்க்காரன் என்றும் ஒரு பேச்சு உண்டு என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பொன்னம்மாளும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். லோகேஸ்வரி ஜன்னல் பக்கம் இருந்தாள்.

"முறை தெரியலைன்னா நான் இங்க இருக்கக் கூடாதா ஆன்ட்டி?"

"அப்படியில்லம்மா. நாலு பேரு கேட்டா சொல்லணுமில்ல."

"தோட்டத்துல யாரும் கேட்க மாட்டாங்க. எங்கம்மாவோட அம்மா தெலுங்கு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துல ஒரே லயன் வீட்டு வரிசையில வளர்ந்தவங்க, அப்படியே கட்டிக்கிட்டாங்க."

பொன்னம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். அப்படியென்றால் பூலாம்பாடியில் மூன்று வீட்டிலும் போட்ட கணக்கு என்ன ஆவது? இதை ரெங்கம்மாளிடம் சொன்னால் தெருவே வந்து நிற்கும். "பாட்டி சமாச்சாரம் நம்மளோட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் சரியென்று தலையாட்டினாள். எதற்கென்று அவளுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்து வந்தான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"உண்மையைச் சொன்னா, போன்ல இதோட அப்பா பேசினது சரியாவே கேக்கல. பூலாம்பாடின்னாரு. எம்பொண்ணுக்கு அங்க யாரையும் தெரியாதுங்கன்னாரு. சொந்தந்தாங்க, அனுப்பி வைங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்ப நான் யாரு?" என்றான் செந்தில்.

பொன்னம்மாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"வந்த புதுசுல இந்தப் பொண்ணு உன்னை என்னன்னு கூப்பிட்டுச்சு?"

"அண்ணன்னு" என்றாள் லோகேஸ்வரி.

"அப்ப அதுதான். ரெண்டு பேரும் தட்டை எடுத்துக்கிட்டு வாங்க."

செந்தில் முகம் சுருங்கினாலும் தட்டோடு வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தான். "செந்தில் அண்ணன், சட்னி" என்று அவள் கிண்ணத்தை நகர்த்தினாள்.

ஹாஸ்டல் ஐப்பசியில் திறந்தது. லோகேஸ்வரி பெட்டியோடு போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் பொன்னம்மாள் அவளுக்கு ஆன்ட்டிதான், செல்லமுத்து அங்கிள்தான். அதைப் பொன்னம்மாள் மாற்றச் சொல்லவில்லை. மாற்றினால் சின்னம்மாவா, அத்தையா, அண்ணியா என்று மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

ரெங்கம்மாள் மட்டும் விடவில்லை. அண்ணன் என்று முடிவான மறுநாளே மதில் பக்கம் நின்று, "முறை தெரிஞ்சுதாக்கா?" என்றாள்.

"தெரியல. மாவு இருந்தா ஒரு கிண்ணம் குடு. அந்தப் பொண்ணு தோசையே கேக்குது."