அன்ஃபிட் என்று ஒரு தாள்

கொழும்பு ஏஜென்சியில் அண்ணிக்குக் கொடுத்த மெடிக்கல் தாள் நான்காக மடித்தபடி என் பெட்டியின் அடியில் கிடக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. அன்ஃபிட் என்று பெரிய எழுத்தில் ஒரு சொல், அதற்குக் கீழே பேனாவால் கிறுக்கிய இரண்டு வரி. அந்த இரண்டு வரியை அன்றைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவன் நான் ஒருவன்தான். யாருக்கு இங்கிலீசில் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். "தம்பி வாசிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அண்ணன் நிவித்திகலப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். இருமி இருமி இளைத்துச் செத்துப்போனார். டி.பி. என்றார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறு வருடம், ரப்பர் பால் வெட்டும் கூலியில் பெண்பிள்ளையை வளர்க்க முடியாது என்று அண்ணி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினாள். கொழும்பில் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த தடவை போனவள் இந்தத் தாளோடு திரும்பி வந்தாள்.

"மெடிக்கல் பெயிலாம் தம்பி. ஏன்னு கேட்டா அந்த ஆளு மூஞ்சியத் திருப்பிக்கிறான். என்னான்னு பாரு."

பெரிய மனுசன் மாதிரித் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல அண்ணி. ஒடம்பு பலவீனமாம். நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த தடவ வரச் சொல்லியிருக்கு" என்றேன். பாவி, என்ன துணிச்சல் எனக்கு! பரீட்சையில் பெயிலானால் மறுபடி எழுதுகிறோம், அப்படித்தான் இதுவும் என்று நினைத்தோம். முருங்கைக்கீரை, முட்டை, கையில் காசிருந்தால் ஆட்டு ஈரல் என்று தின்னவைத்தோம். அண்ணி நன்றாகத் தேறினாள். அதற்குள் பிள்ளையை விட்டுப் போக மனசில்லாமல் நின்றுவிட்டாள். அடுத்த ஐந்து வருடம் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. அந்தத் தாளில் எழுதியிருந்த நோய் வருடக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் உடம்புக்குள் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அவள் வாட்டசாட்டமாக நடப்பதைப் பார்த்து, நான் வாசித்தது சரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டது. அக்கி என்று செங்காவி குழைத்து அதன்மேல் சிங்கப் படம் எழுதினோம். ஆறிவிட்டது. அடுத்து நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு வேகவைத்துவிட்டது என்றேன். வெற்றிலையை நிறுத்தினாள், வெள்ளை போகவில்லை. மாதக்கணக்கில் வயிற்றோட்டம், விட்டு விட்டுக் காய்ச்சல், சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஒவ்வொன்றுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரியில் தனித்தனியாக மருந்து வாங்கினோம். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பால் வாளியைத் தூக்க முடியாமல் அவள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார். அடுத்த மெடிக்கலுக்குக் கேட்பார்கள் என்று மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, அன்றைக்குக் கையோடு கொண்டுவந்த தாளை அண்ணி எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அந்த இரண்டு வரியைப் படித்துச் சிங்களத்தில் சொன்னார். இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிகிறது, உடனே அரசாங்கக் கிளினிக்கில் மறுபடி சோதிக்கவும்.

"மேக்க கியெவ்வே கவுத?" என்றார். இதை வாசித்தது யார்?

அண்ணி என் பக்கம் திரும்பவேயில்லை. "யாருக்கும் காட்டல டாக்டரம்மா" என்று சிங்களத்தில் சொன்னாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. வெக்கமா இருந்திச்சு."

மாத்திரை தொடங்கினார்கள். ஆனால் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, நாலே மாதம்தான். மகளையும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. அதைக் கேட்டு அண்ணி அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. வீட்டுக்கு வரும் வழியிலோ, சாகும்வரையிலோ, அந்தத் தாளைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இன்றைக்கு அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் அந்த ஐந்து வருடத்தை எண்ணிப் பார்க்கிறேன்.

போன மாதம் பெட்டியைத் துப்புரவாக்கிய அண்ணி மகள் இந்தத் தாளைப் பிரித்துப் பிடித்தாள். டாக்டர் கையெழுத்து அவளுக்கும் பிடிபடவில்லை. "என்னா சித்தப்பா எழுதியிருக்கு? நீங்க வாசிங்க" என்றாள்.

இரண்டு வரியையும் வாசித்தேன். அன்றைக்கு அவள் அம்மாவுக்கு இதை வாசித்துச் சொன்னவனும் நான்தான் என்று சொன்னேன்.