என் முதல் முன்னுரிமை: சொத்து

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பிரெஞ்சைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு, "ப்ரொப்ரெத்தே" என்றால் துப்புரவு, "ப்ரொப்ரியெத்தே" என்றால் சொத்து என்பது இன்றுதான் உறைத்தது.

நகரசபைத் தேர்தலுக்கு வேட்பாளரைத் தெரிவுசெய்ய ஒரு கட்சி ஞாயிறன்று உள்வாக்கெடுப்பு வைக்கிறது. போட்டியிடும் இருவரில் ஒருவர் நிலானி, இங்கே பிறந்த நம்மவர் பிள்ளை. நம்மவர்கள் வந்து வாக்களித்தால்தான் அவருக்கு வாய்ப்பு. அவருடைய துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கியது நான்.

"என் முதல் முன்னுரிமை: சொத்து."

காலையில் மரக்கறிக்கடை அண்ணை அதை எனக்கே வாசித்துக் காட்டினார். "உண்மை சொன்ன முதல் அரசியல்வாதி இந்தப் பிள்ளைதான்."

அந்த நேரம் பார்த்து நிலானி உள்ளே வந்தார். நான் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பிரசுரத்தைப் பார்த்துச் சிரித்தார். "சொத்தில்லை அண்ணை, குப்பை. தெருக் குப்பையை முதல்லை அள்ளவேணும் எண்டுதான் எழுதினனான்."

"ஓமோ? அப்ப இஞ்சை வாங்கோ பிள்ளை" என்று வாசலில் நிரம்பி வழிந்த தொட்டியைக் காட்டினார் அண்ணை. சாமான் வாங்க வந்தவர்களும் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு முறைப்பாடு சொன்னார்கள். நிலானி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இதுவரை எந்த வாக்கும் போடாத அண்ணை சொன்னார்: "ஞாயிறு கடையைப் பூட்டிப்போட்டு வாறன்."

"அங்கிள், வெளியிலை வாங்கோ" என்றார் நிலானி, வெங்காய மூட்டைகளின் பக்கம் திரும்பி. "அடுத்த பிரசுரமும் நீங்கள்தான்."

வீட்டுக்கு வந்து மற்ற வேட்பாளரின் தமிழ்ப் பிரசுரத்தைத் தேடி எடுத்தேன். அவருக்கும் முதல் முன்னுரிமை துப்புரவுதான். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

அதை வாசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.