முகத்துவாரத்துப் பாம்பு

என் மேசையில் பழைய கேம் கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. பொத்தான்களின் மேலிருந்த எழுத்துகள் எல்லாம் தேய்ந்துவிட்டன. ஈட்டி எறியும் பொத்தான் மட்டும் வாங்கிய அன்று போலவே பளபளக்கிறது. அது என் அண்ணியுடையது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கல்யாணமான சில மாதங்களில் அண்ணன் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். பிறகு இருவரும் சந்தித்துக்கொள்ள அந்த வீடியோ கேம்தான் இடம். அவர் அங்கிருந்து ஆடுவார், அண்ணி எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து ஆடுவார். ஒரு தீவு, அதில் ஒரு ஆறு, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பெரிய கடல்பாம்பு. பாம்பை ஈட்டியால் கொன்றால்தான் கதை முடியும். கொன்றதும் கரையோர நிலமெல்லாம் வெளுத்துப்போகும். ஏன் என்பதற்கு ரசிகர்கள் குழுவில் ஆளுக்கொரு விளக்கம். சாபம் வாங்கிய ராணிதான் பாம்பு என்றார் ஒருவர், புதையல் காக்கிறது என்றார் இன்னொருவர். வெளுப்பு பனிதான் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

அண்ணி குடவாசல் பக்கம் பிறந்தவர். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் கடல் உள்ளே ஏறி வயலில் உப்புப் பூப்பதை, கடலை ஒட்டிய எங்கள் கடைமடை ஊருக்கு வாழ வந்த பிறகுதான் பார்த்தார். "அது பனி இல்ல, உப்பு. கடல் ஏறிடாம அந்தப் பாம்புதான் வாசல்ல படுத்துக் காவல் காக்குது" என்று குழுவில் எழுதினார். பாம்புக்கே வக்காலத்தா என்று ஓட்டித் தள்ளினார்கள். அண்ணனும் சிரித்தார். அண்ணி அசரவில்லை. கதை முடியாவிட்டால் போகட்டும் என்று பாம்பை உயிரோடு விட்டுவிட்டு, தீவில் அதன் கரையிலேயே வீடு கட்டி வயலும் வைத்துக்கொண்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் எங்கள் வயலை இறால் குட்டைக்குக் குத்தகை விடப் பேசினார். உப்புத் தண்ணீரை வயலுக்குள் கட்டி நிறுத்தும் வேலை அது. மண்ணில் உப்பு இறங்கிவிட்டால் நெல்லை மறந்துவிட வேண்டியதுதான். அண்ணி போனில் எவ்வளவோ சொன்னார், அண்ணன் காதில் ஏறவில்லை. கையெழுத்துப் போட அண்ணன் ஊருக்கு வர இருந்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, "ஏங்க, இன்னைக்கு என் தீவுக்கு வாங்க" என்று கூப்பிட்டார் அண்ணி.

நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை நாள் காப்பாற்றிய பாம்பை அண்ணியே கொன்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு அண்ணனைத் தன் வயல் வழியாக நடத்திக் கூட்டிப்போனார். வரப்பு வரப்பாக எல்லாம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நம்ம வயல் மாதிரியே இருக்கு" என்றார் அண்ணன் கடைசியில்.

"இப்ப இல்லங்க. குட்டை வெட்டினா இப்படித்தான் இருக்கும்."

குத்தகைப் பேச்சு அதோடு நின்றது.

பின்னாளில் அந்த கேமைச் செய்தவர்களே அது பனிதான் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் அண்ணியை விடுவார்களா? "பனின்னா வெயில்ல கரையணும்ல? கரைஞ்சா சொல்லுங்க" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, நடவு ஆட்களுக்கு டீ கொண்டு போய்விட்டார்.

நான் சென்னைக்கு வேலைக்கு வந்தபோது கன்ட்ரோலரைக் கொடுத்தனுப்பினார். இன்று காலை போனில், சம்பா கதிர் வாங்கிவிட்டது என்றார். வேலை இல்லாத நாட்களில் நானும் அந்த கேமை முதலிலிருந்து தொடங்கி முகத்துவாரம் வரை போவேன். பாம்பு தலை தூக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பளபளக்கிற அந்தப் பொத்தானில் பட்டது அண்ணியின் விரல் மட்டும்தான், அதுவும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.