பார்சல் தராசில் உங்க தாத்தா

பிள்ளைகளா, உங்க தாத்தா தினம் கீழப்பழுவூர் வரைக்கும் நடந்து போய் வருவதைப் பார்க்கிறீர்கள். அந்த நடை எப்பவோ நின்றிருக்க வேண்டியது. எட்டாவதோடு நின்ற ஆள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

உலகச் சண்டைக் காலம் அது. தாத்தாவின் அண்ணன் ஒரே வருஷத்தில் பாதி ஆளாகிவிட்டார். வயசானால் இளைக்கத்தான் செய்யும் என்று சும்மா இருந்துவிட்டோம். அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனபோது சர்க்கரை வியாதி முற்றிவிட்டிருந்தது. அவர் வீடு திரும்பவில்லை.

அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அப்பாவுக்கும் அறுபது ஆச்சு. மாசம் ஒரு தரம் எடை பாருங்க. ரெண்டு மாசம் தொடர்ந்து இறங்கினா கூட்டிட்டு வந்துடுங்க. ஆரம்பத்துல பிடிச்சா சமாளிக்கலாம்."

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பா, அதான் உங்க தாத்தா, சொல்லிவிட்டார். அதனால் ரயில் ஸ்டேஷனில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். பார்சல் குமாஸ்தா கேலிக்காரர்.

"எந்த ஊருக்கு புக் பண்ணட்டும் பெரியவரே?"

"விருத்தாசலத்துக்குப் போடுங்க. சம்பந்தி வூடு அங்கதான். சோறாவது கிடைக்கும்."

இரண்டாம் மாசம் எடை இரண்டு சேர் குறைந்தது. மூன்றாம் மாசம் அப்படியே நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அப்பா இறங்கக் காலை வைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து எங்கள் வீட்டில் எடை போடும் படிக்கல் பொத்தென்று விழுந்தது. இரண்டு சேர் கல். ஆக, இந்த மாசமும் எடை இறங்கித்தான் இருந்தது.

குமாஸ்தா குனிந்து எடுத்தார். "கடலை மூட்டைக்குள்ள கல்லு வைப்பாங்க, பார்த்திருக்கேன். மூட்டையே கல்லு வச்சுக்கிட்டு வர்றதை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அப்பா சிரிக்கவில்லை. "அண்ணன் படுத்த கட்டில் அங்க காலியாத்தாண்டா கெடக்கும்" என்றார்.

"அவரைக் கடைசியிலதானே கொண்டுபோனோம். நீங்க நடந்தே வரப்போறீங்க, வாங்க" என்றேன்.  அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய மூத்திரத்தை நீல மருந்தோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார். செங்கல் நிறம் வந்தால் முற்றியது என்று அர்த்தமாம். நாங்கள் இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சையில் நின்றது.

"இது ஆரம்பம்தான். சோறு ஒரு வேளை போதும். வெல்லம் கூடாது. தினம் நடங்க."

"நடக்கறதுக்கு மருந்துச் சீட்டு வேணுமாங்க? அதைத்தானே பொறந்ததுலேர்ந்து செய்யறேன்" என்றார் அப்பா.

அடுத்தடுத்த மாசங்களில் எடை இறங்கவில்லை. கல் இருக்கிறதா என்று குமாஸ்தா மடியைத் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார்.

பெரியப்பா, அதற்குப் பிறகு அப்பா. அடுத்தது யார் என்று கணக்குப் போட எட்டாவது படிப்பே போதும். ஒருநாள் உங்க அம்மாவிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு நான் மட்டும் அரியலூருக்குப் போனேன். மூத்திரம் பிடிக்கக் கம்பவுண்டர் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் மறைவாக ஒதுங்கினேன்.